ரிப்பனில் தொங்கும் தொழிற்சாலை

கண்காட்சி நாளைக்குத்தான். ஆனால் நாம் இன்றைக்கே உள்ளே வந்துவிட்டோம்! திருமயம் பக்கத்து அரசுப் பள்ளி, மாலை ஐந்து மணி. பார்த்து வாங்க, தெர்மோகோல் துகள் காலில் ஒட்டும்.

தரையில் நாலு பையன்கள் செத்துப்போன பேட்டரிக் கட்டைகளைப் பிளந்து கார்பன் குச்சியை உருவுகிறார்கள். விரல், மூக்கு, சட்டை எல்லாம் கருப்பு. "அம்மா கொல்லப் போறாங்க" என்கிறான் ஒருவன், பல் மட்டும் வெள்ளையாக.

யூ குழாய்க்கு ஸ்டாண்ட் இல்லை. ஒரு பெண் தன் ஜடை ரிப்பனை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் குழாயைக் கட்டிவிட்டாள். உள்ளே கல் உப்புத் தண்ணீர். நிறம் காட்டக் கொஞ்சம் செம்பருத்திச் சாறு. இரண்டு முனையிலும் குச்சி செருகி, பேட்டரியோடு இணைத்தாயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை. கிளிப் நழுவியிருக்கிறது! மறுபடி மாட்டியதும் பொடிப்பொடியாகக் குமிழி. எதிர்முனையில் ஹைட்ரஜன் கிளம்ப, அந்தப் பக்கத்துச் சாறு பச்சையாகிறது: காஸ்டிக் சோடா! நேர்முனையில் நிறமே வெளுத்துப்போகிறது. குப்பென்று ப்ளீச்சிங் பவுடர் வாசம். "குளோரின்! ஜன்னலைத் திற, கிட்ட போகாதே!" டீச்சரின் குரல் மைதானம் வரை கேட்டிருக்கும்.

"தயிர் கடைஞ்சா வெண்ணெயும் மோரும் வர்ற மாதிரி, டீச்சர்" என்றது கருப்பு மூக்கு. இதைவிட நன்றாக நான் எழுதிவிட முடியாது. மேட்டூரிலும் சாகுபுரத்திலும் ஆலைகள் கடைவதும் இதே உப்புத் தண்ணீரைத்தான். ஒரு டன் குளோரினோடு 1.1 டன்னுக்கு மேல் காஸ்டிக் சோடா, இரண்டுமே விலைபோகும். வெறும் தண்ணீரைப் பிரித்தால் இந்த யோகம் கிடையாது. ஹைட்ரஜனுக்கு விலை உண்டு, கூட வரும் ஆக்சிஜனை யார் கேட்கிறார்கள்? அதனால் அந்த முனையில் கிளிசரின் மாதிரி எதையாவது கொடுத்து, விலைபோகும் சரக்காக மாற்றப் பார்க்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

மின்வேதியியலுக்கென்றே இருக்கும் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி, பஸ் ஏறினால் வந்துவிடும் காரைக்குடியில்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறந்தது. சொன்னதும், "அங்க ஸ்டாண்ட் இருக்குமா சார்?" என்று கேட்டாள் ஒற்றை ரிப்பன்காரி.

பேட்டரியைக் கழற்றியாயிற்று. குழாய் இன்னும் கம்பியில் ஆடுகிறது. "டீச்சர், காலைல பிரேயருக்கு ரிப்பன் வேணுமே?"

"கண்காட்சி முடியட்டும்டீ!"