குவாரிப் பாறை விழுவதற்கு முன்பே சொல்லிவிடும்... அதைக் கேட்பதும் ஒரு வேலை!

பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? திண்டிவனம் பக்கமிருந்து போனாலும் சரி, விழுப்புரம் பக்கமிருந்து போனாலும் சரி, ஊர் நெருங்க நெருங்க ரோட்டோர மரங்கள் மாவு பூசியதுபோல் வெளுத்து நிற்கும். எல்லாம் கிரஷர் தூசி. எதிரே வரும் டிப்பர்களில் ஜல்லியும் எம்-சாண்டும். நம் வீட்டு மாடி, பைபாஸ் ரோடு, சென்னை அப்பார்ட்மென்ட் எல்லாமே இப்படி ஏதோ ஒரு பள்ளத்திலிருந்து வந்தவைதான்.

அந்தப் பள்ளத்தின் சுவர் எவ்வளவு நாள் நிற்கும், எப்போது விழும் என்று கணக்குப் போடுவதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. ஜியோடெக்னிக்கல் இன்ஜினீயர், அதிலும் சுரங்கச் சரிவுப் பாதுகாப்பு ஆராய்ச்சி. 'அப்படி ஒரு வேலையா?' என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால், அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம். சுமார் 300 அடி ஆழக் கல்குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள். மீட்கப் போனவர்கள் தலைக்கு மேலும் பாறை விழுந்துகொண்டே இருந்ததால் மீட்புப் பணி நாள்கணக்கில் இழுத்தது. 4 பேர் உயிருடன் திரும்பவில்லை. 2025 மே 20, சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை. மறுபடியும் குவாரி, மறுபடியும் பாறை. அன்றைக்கே 5 பேர் போய்விட்டார்கள்.

ஏன் குவாரிகள் கிணறுபோலச் செங்குத்தாக இறங்குகின்றன? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961-ம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள், படிப்படியாக வெட்டித்தான் இறங்க வேண்டும் என்கின்றன. கெட்டிப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. மண், கிராவல் என்றால் ஒன்றரை மீட்டர்தான். பெரிய இயந்திரங்கள் வைத்து வேலை செய்ய வேண்டுமென்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் அனுமதியோடு இந்த அளவு மாறலாம். அடியில் குடைந்து, மேலே பாறையைத் தொங்க விடவே கூடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்களிடம் 100 மீட்டருக்கு 100 மீட்டர் இடம், அதாவது ஒரு ஹெக்டேர் இருக்கிறது. படி உயரம் 6 மீட்டர், அகலமும் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 படி இறங்கினால் ஆழம் 48 மீட்டர். ஆனால், ஒவ்வொரு பக்கமும் 40 மீட்டருக்கு மேல் படிகளே தின்றுவிடும். அடியில் 20 மீட்டர்கூட இல்லாத ஒரு சதுரம்தான் மிஞ்சும். அதே இடத்தில் நேராக வெட்டி இறங்கினால் கிடைக்கும் கல் இரண்டு மடங்குக்கும் மேல். அவ்ளோதான் ரகசியம். பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால், சின்னச் சின்னத் துண்டாகக் குத்தகை எடுத்து ஆழமாகத் தோண்டும் முறையே இந்தக் கணக்கைச் செங்குத்துச் சுவர் பக்கம் தள்ளுகிறது என்பதும் உண்மை.

சரி, பாறை ஏன் விழுகிறது? விழுப்புரம் மாவட்டத்தில் பரவலாக இருக்கும் சார்னோகைட் சாதாரண கான்கிரீட்டைவிடப் பல மடங்கு உறுதி. (கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை வைத்து இந்தப் பாறைக்குப் பெயர் வந்தது, அந்தக் கல்லே நம்ம பல்லாவரம் பக்கத்திலிருந்து போனதுதான்!) பாறை உடைந்து விழுவதில்லை. அதில் ஏற்கெனவே இருக்கும் பிளவுகள் வழியாக வழுக்கி வருகிறது. திண்டிவனம் ரோட்டோரம் தர்பூசணி வாங்கும்போது, இனிப்பா என்று காட்ட ஒரு முக்கோணத் துண்டு வெட்டி உருவுவார்களே... இரண்டு பிளவுகள் குவாரிச் சுவரில் வந்து சந்தித்தால், அதேபோல ஒரு துண்டு தானாக உருவிக்கொண்டு வரும். ஒரே ஒரு பிளவு பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தாலும் போதும், சாய்த்துப் பிடித்த புத்தக அடுக்குபோல மேலே இருப்பது சரியும்.

அதனால் இந்த வேலையின் முதல் கருவி கம்ப்யூட்டர் இல்லை, காம்பஸ். வெயிலில் நின்று ஒவ்வொரு பிளவும் எந்தத் திசையில், எத்தனை டிகிரி சாய்கிறது என்று நூற்றுக்கணக்கில் அளக்க வேண்டும். பிறகு லேபில் பிளவுப் பரப்பை அழுத்தி, நகர்த்தி, அதன் உராய்வைச் சோதிக்க வேண்டும். கடைசியில்தான் சாஃப்ட்வேர். பிடித்து நிறுத்தும் விசையை, இழுத்துத் தள்ளும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. 1 என்றால் மயிரிழையில் நிற்கிறது. 1.3 என்றால் 30 சதவிகிதம் கூடுதல் பிடிமானம்.

அந்தக் கணக்கை ஒரே ராத்திரியில் மாற்றிவிடக் கூடியது தண்ணீர். பாறையில் 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வெடிப்பு. மழைநீர் அதில் நிரம்பினால், அடியில் சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம். ஒரு மீட்டர் நீளச் சுவரை மட்டும் மொத்தம் 50 டன் வெளியே தள்ளும். ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்காகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். மறுநாள் மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவு. ஒரே வீட்டில் 7 பேர் புதைந்துபோனார்கள். அது குவாரி இல்லை, மலை. ஆனால், தண்ணீர் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மழை நின்ற பிறகும் பிளவுக்குள் தண்ணீர் நிற்கும் என்பதால் 'வெயில் அடிச்சிடுச்சே, இறங்கலாம்' என்பது ஆபத்தான தைரியம். கைவிடப்பட்ட குவாரிக் குட்டையின் விளிம்பில் நின்று ரீல்ஸ் எடுப்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், பெரிய சரிவுகள் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. முதலில் மேல் விளிம்புக்குப் பின்னால் முடி மாதிரி ஒரு விரிசல். பிறகு அது அகலமாகும். வேகம் கூடும். ஜப்பானின் ஃபுகுசோனோ 1985-ல் ஒரு எளிய வழி சொன்னார்: நகரும் வேகத்தைத் தலைகீழாக்கி வரையுங்கள். முதல் நாள் விரிசல் 2 மி.மீ. விரிகிறது, தலைகீழ் 0.5. மூன்றாம் நாள் 2.5 மி.மீ., அது 0.4. ஐந்தாம் நாள் 3.3, அது 0.3. ஏழாம் நாள் 5, அது 0.2. புள்ளிகளைச் சேர்த்தால் கீழே இறங்கும் நேர்க்கோடு. அது பூஜ்யத்தைத் தொடுவது 11-ம் நாள். அதற்கு முன்பே எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். நிஜத்தில் கோடு இவ்வளவு அழகாக வராது. மழை, வெடி என்று எதுவும் கோணலாக்கும். அந்தக் கோணலைப் படிப்பதுதான் ஆராய்ச்சியாளரின் பிழைப்பு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்ஹாம் கேன்யன் தாமிரச் சுரங்கம். 2013 ஏப்ரல் 10 இரவு 14 கோடி டன்னுக்கும் மேல் பாறை சரிந்தது. பூமியே அதிர்ந்து சிறு நிலநடுக்கங்கள் பதிவாயின. இறந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. எதிர்ச் சுவரிலிருந்து மில்லிமீட்டர் நகர்வைக்கூடப் பார்க்கும் ராடார்கள் முன்பே எச்சரித்தன; ஆட்களை வெளியே எடுத்துவிட்டார்கள். 2016 டிசம்பர் 29-ல் ஜார்க்கண்டின் ராஜ்மஹால் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் அதைவிடப் பல மடங்கு சிறிய சரிவு. 23 பேர் இறந்தார்கள்.

விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி வழியாகப் போனால் நெய்வேலி. அங்கே கதை வேறு. திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கும் அதே கடலூர் மணற்கல் அடுக்குதான் நெய்வேலியில் நிலக்கரியின் மேல் போர்வை. கெட்டிப் பாறை இல்லை, லேசில் கரையும் மண். போதாக்குறைக்கு, நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. மோட்டார்களை நிறுத்தினால் சுரங்கத் தரையே பொங்கும். அதனால் இரவு பகலாகத் தண்ணீர் இறைத்தபடியேதான் தோண்டுகிறார்கள். அந்த நீர் வெளியேற்றத்தால் சுற்றுவட்டார விவசாயக் கிணறுகளுக்கு என்ன ஆகிறது என்பது தனிச் சண்டை, தனிக் கட்டுரை.

பெரிய சுரங்கங்கள் ஆராய்ச்சி நிறுவனங்களை அழைக்க முடியும், கருவி வாங்க முடியும். நம் ஊர்க் குவாரிக்கு ராடார் கட்டுப்படியாகாது. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோள் நிலத்தின் சென்டிமீட்டர் அளவு அசைவைக்கூடக் கவனிக்கும். ஆனால், அது ஒரே இடத்துக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். குறுகலான பள்ளத்தின் செங்குத்துச் சுவர் வானத்திலிருந்து சரியாகத் தெரியவும் செய்யாது. ஆகவே, இப்போதைக்கு விரிசலின் இரு பக்கமும் இரண்டு கம்பி அடித்து, தினமும் டேப்பால் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதுவதுதான் சின்னக் குவாரிக்குச் சாத்தியம். செலவு சில நூறு ரூபாய். கஷ்டமான பகுதி, எண் எகிறும் நாளில் 'இன்னைக்கு வேலை இல்லை, யாரும் இறங்கக் கூடாது' என்று முதலாளியிடம் சொல்வது. லோடு நிற்கும், பணம் நிற்கும், திட்டு விழும். கையில் அளவு இல்லாதவரால் அதைச் சொல்லவே முடியாது.

இந்த வேலைக்கு வர என்ன படிக்கலாம்? மூன்று வாசல்கள். மைனிங் இன்ஜினீயரிங் என்றால் கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே இருக்கிறது. சிவில் என்றால் எம்.இ-யில் மண் இயக்கவியல் பக்கம் திரும்பலாம். ஜியாலஜி என்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் புவி அறிவியல் சொல்லித் தருகின்றன. மேலே போக தன்பாத் ஐ.ஐ.டி., அங்கேயே இருக்கும் மத்திய சுரங்க மற்றும் எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம், கர்நாடகாவில் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம். பெண்களுக்கு: திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவுப் பணிக்கு இருந்த தடையை 2019-ல் மத்திய அரசு தளர்த்திவிட்டது. கேட் தேர்வில் மைனிங்குக்கு, சிவிலுக்கு, ஜியாலஜிக்கு என்று தனித்தனித் தாள்கள் உண்டு. தேர்வு வழக்கமாக பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும்.