தானே எரியாத உப்பு தீயை வளர்ப்பது எப்படி?

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்தது உளியால். இன்று விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கல் குவாரிகளில் பாறையைப் பிளப்பது வெடி. அந்த வெடிமருந்துகளின் முக்கியச் சரக்கு அம்மோனியம் நைட்ரேட். பார்க்க வெள்ளைக் குருணை; தீக்குச்சியைக் காட்டினால் சட்டென்று பற்றாது. ஆனாலும் அதை 'ஆக்சிஜனேற்றி' என்று தனி அபாய வகையில் வைக்கிறார்கள். எதைப் பார்த்து?

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதுகுழல் எரிவதில்லை. அதை வைத்து ஊதினால் கங்கு சீறி எழுகிறது. ஆக்சிஜனேற்றி செய்வதும் அதுதான்: தன் மூலக்கூறில் உள்ள ஆக்சிஜனை எரிபொருளுக்கு ஊட்டுகிறது. சுவரில் சாய்ந்திருக்கும் ஊதுகுழலின் வலு யாருக்கும் தெரியாது. விறகில் வைத்து ஊதித்தான் அறிய முடியும். ஐ.நா.வின் சோதனை முறையும் இப்படியே அமைந்திருக்கிறது.

முதலில் வாய்பாடு. சர்க்கரையில் ஆக்சிஜன் உண்டு. அது கார்பனோடும் ஹைட்ரஜனோடும் மட்டுமே பிணைந்திருப்பதால் சோதனை தேவையில்லை. நைட்ரேட்டில் அது நைட்ரஜனோடு பிணைந்திருக்கிறது. சோதித்தாக வேண்டும்.

அடுத்து விறகு. உலர்த்திய செல்லுலோஸ் தூளோடு பொருளை 1:1, 4:1 என்ற எடை விகிதங்களில் கலக்கிறார்கள். 30 கிராம் கலவையைக் கூம்பாகக் குவித்து, அடியில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சி, எரிந்து முடியும் நேரத்தை அளக்கிறார்கள். ஒருமுறை போதாது, ஐந்து முறை செய்து சராசரி எடுக்கிறார்கள்.

பிறகு ஒப்பீடு. வலு தெரிந்த ஊதுகுழலாகப் பொட்டாசியம் புரோமேட் இருக்கிறது. அதைச் செல்லுலோஸோடு 3:2, 2:3, 3:7 என்று கலந்து எரித்த நேரங்களே அளவுகோல். 3:2 கலவையைவிட வேகமாக எரிந்தால் மிகக் கொடியது. 3:7 கலவையைவிட மெதுவாக எரிந்தாலோ, பற்றவே இல்லை என்றாலோ ஆக்சிஜனேற்றி வகையில் சேராது.

வகைப்பாடு ஒரு கலப்படத்தில் மாறிவிடும். அம்மோனியம் நைட்ரேட்டில் எரியக்கூடிய பொருள் 0.2 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது டன்னுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போனால், அது வெடிபொருள் வகுப்புக்குப் போகிறது. சுத்தமானதும் பெருந்தீயில் சூடேறினால் வெடிக்கக்கூடும். 2020 ஆகஸ்டில் பெய்ரூட்டில் நடந்தது அதுதான். சென்னை மணலியில் 2015 முதல் முடங்கிக் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், அதன் பிறகே அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றப்பட்டது.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கும் பொட்டாசியம் நைட்ரேட் உரமும் ஆக்சிஜனேற்றியே. அதன் பக்கத்தில் டீசல் கேன், மரத்தூள், வைக்கோல் வேண்டாம். பற்றிக்கொண்டால் ஈரச்சாக்கைப் போர்த்தி அணைக்க முடியாது. ஆக்சிஜன் உள்ளேயே இருக்கிறது. சிறு தீ என்றால் தண்ணீரை ஏராளமாக ஊற்ற வேண்டும். அம்மோனியம் நைட்ரேட் கிடங்கே பற்றினால் எல்லோரையும் தொலைவுக்கு விலக்கிவிட்டு 101ஐ அழையுங்கள்.