மனித பாப்பிலோமா வைரசு சார்ந்த தொண்டைப் புற்றுநோய்

மனித பாப்பிலோமா வைரசு சார்ந்த தொண்டைப் புற்றுநோய் என்பது எச்.பி.வி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வைரசின் தொற்றினால் தொண்டையின் நடுப்பகுதியில் தோன்றும் புற்றுநோய் ஆகும். வாய்க்குப் பின்னால் அமைந்துள்ள இப்பகுதி வாய்த்தொண்டை எனப்படும். அடிநாக்கு, டான்சில்கள், மென்னண்ணம் ஆகியன இதில் அடங்கும். புகையிலையாலும் மதுவாலும் இதே இடத்தில் புற்றுநோய் உண்டாகலாம். எனினும் நோயின் போக்கிலும் நோயாளி உயிர்பிழைக்கும் வாய்ப்பிலும் இவ்விரண்டும் வெவ்வேறு நோய்களாகவே கருதப்படுகின்றன.

வைரசும் தொற்றும்

எச்.பி.வி-யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் 16-ஆம் வகையே வாய்த்தொண்டைப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணமாகும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் இவ்வகையை 1983 இல் கண்டறிந்த செருமானிய அறிவியலாளர் ஹெரால்ட் சூர் ஹௌசன், 2008 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர்.

வாய்வழிப் பாலுறவின் மூலம் இவ்வைரசு தொண்டையை அடைகிறது. தொற்றுக்கு உள்ளாகும் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் வைரசை நீக்கிவிடுகிறது. மிகச் சிலரில் மட்டும் அது நிலைத்து, பல ஆண்டுகளுக்குப் பின்னர் புற்றுநோயாக மாறுகிறது.

புற்றுநோய் உருவாகும் முறை

உயிரணுவின் மரபுப்பொருள் சிதைந்தால் அதன் பெருக்கத்தை நிறுத்துவது பி53 என்னும் புரதமாகும். வைரசின் இ6 புரதம் இதனை அழிக்கிறது. இ7 புரதம், உயிரணுப் பிரிவைக் கட்டுப்படுத்தும் மற்றொரு புரதமான ஆர்.பி-யைச் செயலிழக்கச் செய்கிறது. இதன் விளைவாக உயிரணுவில் பி16 என்னும் புரதம் மிகுதியாகச் சேர்கிறது. ஆகையால் திசுவில் பி16 உள்ளதா எனச் சோதிப்பது இந்நோயை இனங்காண உதவுகிறது.

புகையிலையால் வரும் புற்றுநோயில் பி53 மரபணுவே பெரும்பாலும் பழுதடைந்திருக்கும். வைரசால் வருவதில் அம்மரபணு பொதுவாகப் பழுதடைவதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு இந்நோய் நன்கு கட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

அறிகுறிகள்

கழுத்தில் தோன்றும் வலியற்ற கட்டி பலருக்கு முதல் அறிகுறியாகும். நீண்ட நாள் நீடிக்கும் தொண்டை வலி, விழுங்குவதில் இடர்ப்பாடு, ஒரு பக்கக் காதுவலி ஆகியனவும் காணப்படலாம்.

உயிர்பிழைப்பு வீதம்

முற்றிய நிலையில் இருந்த 323 வாய்த்தொண்டைப் புற்றுநோயாளிகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2010 இல் வெளியானது. அதன்படி மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர், வைரசு காணப்பட்டவர்களில் 82.4 விழுக்காடு, காணப்படாதவர்களில் 57.1 விழுக்காடு. இந்த நன்மையைப் புகைப்பழக்கம் குறைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் ஓராண்டு புகைத்தால் இறப்பு இடர் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடுவதாக அதே ஆய்வு காட்டியது.

சிகிச்சை

இந்நோயாளிகளில் பலர் சிகிச்சைக்குப் பின் நெடுங்காலம் வாழ்கின்றனர். வாய் உலர்தல், விழுங்க இயலாமை போன்ற பின்விளைவுகளையும் அவர்கள் அவ்வளவு காலம் தாங்க வேண்டியுள்ளது. எனவே சிகிச்சையின் கடுமையைக் குறைக்க முயற்சிகள் நடந்தன. கதிர்வீச்சுடன் வழங்கப்படும் சிசுபிளாட்டின் மருந்துக்கு மாற்றாக செடுக்சிமாப் மருந்து இரு பெரும் ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது. 2018 இல் வெளியான முடிவுகள் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தன. அவற்றுள் ஒன்றில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு சிசுபிளாட்டின் பெற்றோரில் 84.6 விழுக்காடாகவும், செடுக்சிமாப் பெற்றோரில் 77.9 விழுக்காடாகவும் இருந்தது. நோய் நன்கு குணமாகக் கூடியது என்பதால் மட்டும் சிகிச்சையைக் குறைத்துவிட இயலாது என்பதை இது உணர்த்தியது.

தடுப்பு

எச்.பி.வி தடுப்பூசி 16-ஆம் வகை உள்ளிட்ட வைரசுகளின் தொற்றைத் தடுக்கிறது. தொற்று ஏற்படுவதற்கு முன்னரே, இளம் பருவத்தில் இதனைப் பெறுவது சிறந்தது. ஏற்கெனவே தோன்றிய நோயை இது குணப்படுத்தாது. ஒன்பது வகைகளுக்கு எதிரான தடுப்பூசியின் பயன்பாடுகளில் தலை, கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பையும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 இல் சேர்த்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உள்ளதைப் போன்ற முன்னறி சோதனை தொண்டைக்கு இன்னும் நடைமுறையில் இல்லாததால் தடுப்பூசி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. இந்தியாவில் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குப் புகையிலையே முதன்மைக் காரணமாக இருப்பதால், அங்கு புகையிலையைத் தவிர்ப்பதும் இன்றியமையாததாகும்.