நிபுணர் குழுவும் சட்டசபையும்

கைத்தொழில்களைப் பொதுவுடைமையாக்கும் பழைய கொள்கையை 1995ல் கைவிட்டுப் புதுக்கோலம் பூண்ட பிரிட்டிஷ் தொழிற்கட்சி, 1997 மே 1ந் தேதி தேர்தலில் வென்றது. 6ந் தேதியே, வட்டி விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை இங்கிலாந்து பாங்கிக்கு விடுவதாக அறிவித்தது. பிரதமர் பிளேரும் பொக்கிஷ மந்திரி பிரௌனும் தமக்குள் முடித்த காரியம் அது. மந்திரி சபையையும் கலக்கவில்லை. பலன் நல்லதே என்பாருளர். நாம் கேட்பது முறையைப் பற்றி.

இவ்வழக்கம் சீமையோடு நிற்கவில்லை. 2021ல் சென்னையிலும் முதலமைச்சருக்கு யோசனை கூற ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ முதலிய ஐந்து பொருளாதார நிபுணர் கொண்ட குழு ஏற்பட்டது. கற்றோரைக் கலப்பதை நாம் குறை கூறோம். ஆயின், அவ்வாண்டே உபசபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தவர் நமது கீழ்பென்னாத்தூர்ப் பிரதிநிதி திரு. பிச்சாண்டி. மணிலாப் பயிரிடும் நம் குடியானவர்கள் ஓட்டளித்தது அச்சபைக்கன்றோ? இத்தகைய குழுக்களின் யோசனைகளையெல்லாம் அச்சிட்டு, கொள்கையாகுமுன் சட்டசபையில் வைத்து விவாதிக்க விதி செய்யவேண்டும்.