ஒரு பிட்டுக்கு இரண்டு வேலை

உக்கடம் பஸ் நிலையத்தில் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்பவர் ஆண்ட்ராய்டு ஃபோனில் பாட்டுக் கேட்கிறார் என்றால், அதற்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். ஃபோனின் மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கணக்கு வைப்பதும் அதன் பொறுப்பு. பெரும்பாலான ஃபோன்களில் ஒரு பக்கம் 4096 பைட். 4 ஜிபி மெமரிக்கு 10,48,576 பக்கங்கள்.

பக்கத்துக்கு ஒரு குறிப்பு உண்டு. 64 பிட் சிப்பில் வழக்கமாக 64 பைட். ஆக, கணக்கு எழுதவே 64 எம்பி போய்விடுகிறது. குறிப்பில் 8 பைட் கூட்டினால் இன்னுமொரு 8 எம்பி காலி. கெர்னல்காரர்களின் கஞ்சத்தனத்துக்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

குறிப்பில் ‘ஃபிளாக்ஸ்’ என்று ஓர் இடம். 32 பிட் சிப்பில் அதற்கு 32 பிட்தான். பக்கம் பூட்டியிருக்கிறதா, ‘டர்ட்டி’யா (திருத்தியது இன்னும் ஸ்டோரேஜில் ஏறவில்லையா), இப்போது ஏறிக்கொண்டிருக்கிறதா என ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். இப்படியே இருபதைத் தாண்டிவிட்டது. பக்கம் மெமரியின் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதும் அங்கேயேதான் எழுதப்படுகிறது. புதிதாக ஒரு பிட் கேட்டுப் போகிறவர், அது இல்லாமல் முடியவே முடியாது என்று காட்டியாக வேண்டும்.

அதனால் பிட்டுகள் பங்கு போடப்படுகின்றன. ‘ரீட்அஹெட்’ என்பது, படிப்பவர் இந்தப் பக்கத்துக்கு வந்ததும் அடுத்த பக்கங்களை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லும் அடையாளம். ‘ரீக்ளெய்ம்’ என்றால், எழுதி முடித்த கையோடு இந்தப் பக்கத்தை விடுவித்துவிடு என்று பொருள். முன்னது படிக்கும்போது மட்டும், பின்னது எழுதும்போது மட்டும். பகலில் கூடமாகவும் ராத்திரி படுக்கையறையாகவும் இருக்கும் வீட்டைப் போல, இரண்டுக்கும் ஒரே பிட். பக்கம் டர்ட்டி ஆனதும் பழைய அடையாளத்தை மறக்காமல் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் படித்ததற்கு வைத்த குறி, விடுவிக்கச் சொல்லும் உத்தரவாகிவிடும். மிச்சம் பிடிப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான்.

எனக்குப் பிடித்த தந்திரம் வேறொன்று. குறிப்பில் ஒரு முகவரியும் இருக்கிறது. அது எப்போதும் 4-ஆல் வகுபடும். ஆகவே கடைசி இரண்டு பிட்டும் பூஜ்யமே. சும்மா கிடக்கும் அந்த இடத்தில், இந்தப் பக்கம் எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லை என்று கெர்னல் எழுதிவைக்கிறது. முகவரி தேவைப்படும்போது அதைக் கழித்துவிட்டுப் படிக்கிறது.

இத்தனை செய்தும், சமீபத்தில் தொடாத பக்கங்களைக் கண்டுபிடிக்க உதவும் ‘யங்’, ‘ஐடில்’ இரண்டுக்கும் 32 பிட் சிப்பில் இடமில்லை. அவை தனி அட்டவணைக்குப் போயின. அந்த வசதி வேண்டுமென்றால் கெர்னலைத் தயாரிக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். வேண்டாதவர்களுக்கு அந்த மெமரி மிச்சம்.