பொருத்தம் பார்த்தீர்களா?

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம்மவர், பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கணிப்பொறிக்கும் அதில் ஓடவேண்டிய விளையாட்டுக்கும் ஒரு பொருத்தமேனும் பார்ப்பதில்லை. வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று. தில்லியிலுள்ள சிறுவன் மதுரையிலுள்ள அத்தை மகனோடு தமிழில் பேசிக் களிக்க இதுவும் ஓர் இடமாக அமைகிறது. அத்தகைய விளையாட்டு ஓடாமல் நின்றுவிட்டால், ‘நீதான் எதையோ அழுத்திக் கெடுத்தாய்’ என்று பிள்ளையின்மீது பழி விழுகிறது. அல்லது ‘பெட்டியையே மாற்றுங்கள்’ என்னும் கடைக்காரரின் சொல்லால் பணம் விரயமாகிறது. இவ்விரண்டும் தவிர்க்கத்தக்கவை.

இத்தொல்லை புதியதன்று. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிற்று. அவ்வேகத்தையே காலக்கணக்காகக் கொண்டு எழுதப்பெற்ற சில விளையாட்டுகள், பின்வந்த விரைவான பொறிகளில் ஆடவியலாத வேகத்தில் பறந்தன. வேகத்தைக் குறைப்பதற்கென்றே ‘டர்போ’ என்னும் பொத்தானைப் பல பெட்டிகளில் வைத்தனர். ஆற்றல் மிகுந்த இடத்திலும் பொருத்தம் குன்றலாம் என்பதற்கு இது பழஞ்சான்று.

புதுச்சான்றும் உண்டு. 2017-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்னும் கிராஃபிக்ஸ் கார்டு, 11 ஜிபி நினைவகத்துடன் அந்நாளில் உயர்தரமாக மதிக்கப்பட்டது. எனினும் 2024 டிசம்பரில் வெளிவந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ விளையாட்டின் நிபந்தனைக்கு அது உட்படவில்லை. 8 ஜிபி மட்டுமே கொண்ட, 2019-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அதற்குப் போதுமானது. ஒளிக்கதிரின் போக்கைக் கணிக்கும் ‘ரே டிரேசிங்’ உறுப்பு பின்னதில் உண்டு, முன்னதில் இல்லை. ஆகவே நினைவகத்தின் அளவை மட்டும் பார்த்து வாங்குவது பிழையாகும்.

சில வேளைகளில் குறை உறுப்பிலன்றிப் பூட்டில் இருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த ‘பேட்டில்ஃபீல்டு 6’, ஏமாற்றி ஆடுவோரைத் தடுக்கும்பொருட்டு ‘செக்யூர் பூட்’ என்னும் காவல் இயங்குதல் வேண்டும் என்று விதித்தது. அவ்வசதி பல பொறிகளில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கச் செலவு ஏதுமில்லை. ஆயின் வன்தட்டு பழைய முறையில் அமைந்திருந்தால், அமைப்பை மாற்றியபின் பொறி தொடங்காமற் போகலாம். ஆதலின் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, விவரமறிந்தவரைக் கொண்டே இதைச் செய்விக்க வேண்டும்.

காசில்லாத பரிகாரங்கள் இன்னும் உள. தனிக் கார்டு உள்ள பெட்டியில், திரையின் கேபிளை அக்கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பின், கார்டு வாங்கியும் பயனில்லை. மடிக்கணினி சிலவற்றில் இரு கிராஃபிக்ஸ் உறுப்புகள் உண்டு. விளையாட்டு வலிமை குறைந்ததைப் பற்றிக்கொண்டு தடுமாறும். விண்டோஸ் அமைப்பில் வலிமையானதைத் தேர்ந்து கொடுத்தால் குறை நீங்கும். கார்டின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தலும் நன்று.

இனி, வாங்குமுன் செய்யவேண்டுவன. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்தழுத்தி, டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்னும் ஆறு எழுத்துகளைத் தட்டுக. செயலி, ராம், கார்டு ஆகியவற்றின் பெயரும் அளவும் திரையில் தோன்றும். அவற்றை விளையாட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடுக. மும்பை லேமிங்டன் சாலைக்கோ, தில்லி நேரு பிளேஸுக்கோ, பெங்களூர் எஸ்.பி. சாலைக்கோ உறுப்பு வாங்கச் செல்வோர், மதர்போர்டின் பெயரையும் குறித்துச் செல்க. டிடிஆர்4 ராம் இருக்கும் துளையில் டிடிஆர்5 பொருந்தாது. புதுக் கார்டு வேண்டும் மின்சாரத்தைப் பழைய எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பதும் கேட்டறிய வேண்டுவதே.

இத்தனைக்குப் பின்னும் ஓடாவிடில் மனம் தளர வேண்டுவதில்லை. ‘ஸ்டீம்’ கடையில் வாங்கிய விளையாட்டை, வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம்.

நமது உழைப்பின் ஊதியம் அரியது. பிள்ளைகளின் மகிழ்ச்சியோ அதனினும் அரியது. தந்தையும் பிள்ளையும் ஒருங்கமர்ந்து அப்பட்டியலை ஒப்பிடக் கால்மணி நேரம் போதும். பணமும் மிஞ்சும், வீட்டில் வீண் பழியும் ஒழியும்.