கொண்டாட்டத்துக்கு ஒரு சுருட்டு

குழந்தை பிறந்தால் சர்க்கரை வழங்குவதும், வேலை கிடைத்தால் லட்டு வாங்கி வருவதும், மணிவிழா என்றால் இலை போட்டு விருந்து படைப்பதும் நமக்குப் பழகிய வழக்கங்கள். பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்து பெருநகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு வழக்கமும் அறிமுகமாகியிருக்கிறது. பதவி உயர்வு, பணி ஓய்வு என்று ஏதாவது விசேஷம் வந்தால், மேலதிகாரியோ வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரோ கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு தடித்த சுருட்டை நம் கையில் தருகிறார். வாங்குவதா, மறுப்பதா? வாங்கினால் அதை என்ன செய்வது?

சுருட்டு நமக்கு அந்நியமானதல்ல. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல்லே நம்முடைய ‘சுருட்டு’ என்பதிலிருந்து பிறந்ததுதான். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றிய சுருட்டுகள் ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து வரை சென்றன. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். கருப்பணசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் சுருட்டுப் படைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்றும் உண்டு.

ஆனால் புகையிலையின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவில் இறங்கியபோது, அங்குள்ள மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டார்கள். மகிழ்ச்சியான செய்திக்குச் சுருட்டு வழங்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. நாம் சர்க்கரை கொடுப்பது போல, குழந்தை பிறந்ததும் அங்கே தகப்பன் நண்பர்களுக்குச் சுருட்டு கொடுப்பார். பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக், வெற்றி உறுதி என்று தெரிந்ததும் ஆட்டம் முடியும் முன்பே உட்கார்ந்த இடத்தில் சுருட்டைப் பற்றவைத்துவிடுவார். எதிரணியினருக்கு அதைக் கண்டாலே எரிச்சல்!

உயர்ந்த வகைச் சுருட்டு விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அதற்குப் பிடிக்கும் காலமும் கைவேலையும்தான். அறுவடை செய்த இலையைக் கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பிறகு அடுக்கி வைத்துப் புளிக்கவிடுகிறார்கள். அப்போது இலையின் காரமும் நெடியும் தணிகின்றன. அதன்பின் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் முதிரவிடுகிறார்கள். உள்ளே முழு நீள இலைகள், அவற்றைக் கட்டிப் பிடிக்க ஓர் இலை, மேலே பட்டுப்போல் ஓர் உறை இலை என மூன்று பகுதிகளையும் கையாலேயே சுற்றுகிறார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வேலை நடக்கும்போது ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படித்துக் காட்டுவார். ‘மாண்டிகிறிஸ்டோ’ என்ற புகழ்பெற்ற சுருட்டுக்கு, அப்படிப் படிக்கக் கேட்டு மகிழ்ந்த நாவலின் பெயரையே வைத்தார்கள்.

இனி, பயன்படுத்தும் முறை. நல்ல சுருட்டு காய்ந்துவிடக் கூடாது. ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். தில்லிக் கோடையில் பீரோவில் கிடந்தால் உடைந்து நொறுங்கும். மும்பை மழைக்காலத்தில் வெளியே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். விரலால் மெதுவாக அழுத்தினால் மெத்தென்று இருப்பதே சரியான பதம். மூடிய முனையைக் கூரிய கத்தியால் மிகச் சிறிதளவு நறுக்க வேண்டும். பல்லால் கடிக்கக் கூடாது. பெட்ரோல் லைட்டர் வாடையைக் கெடுக்கும். தீக்குச்சியானால் மருந்து எரிந்து தீர்ந்தபின் நுனியைச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து, உருட்டியபடியே பற்றவைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். புகையை வாயில் வைத்து விட்டுவிட வேண்டும். நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வெறும் வயிற்றில் புகைத்தால் தலை சுற்றும். கடைசிப் பகுதி சூடேறிக் கசக்கத் தொடங்கும். அப்போது சாம்பல் தட்டில் வைத்துவிட்டால் தானே அணையும். பெரிய சுருட்டு ஒன்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் நண்பர்களோடு அமர்ந்து பழைய கதை பேசுவதுதான் இதன் உண்மையான சுவை என்று ரசிகர்கள் சொல்வார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலை இருக்கக்கூடும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாய் வழியாகவே ரத்தத்தில் கலக்கிறது; வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு. அமெரிக்கத் தளபதி யுலிசிஸ் கிராண்ட் 1862இல் டொனல்சன் கோட்டையைப் பிடித்தபோது அவர் கையில் சுருட்டு இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. உடனே நாடெங்கிலுமிருந்து பெட்டி பெட்டியாகச் சுருட்டுகள் பரிசாக வந்து குவிந்தன. அதுவரை அளவாகப் புகைத்து வந்த அவர் ஓயாமல் புகைப்பவரானார். பின்னர் நாட்டின் ஜனாதிபதியாகவும் ஆன அவர், 1885இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். வாழ்த்துச் சொல்லி அனுப்பியவர்கள் யாரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை.

ஆகவே யாராவது அன்போடு நீட்டினால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். புகைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், இதுவரை புகைக்காதவர்களும் அதை ஒரு ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்வதே நல்லது. புகைத்துத்தான் பார்ப்பது என்று முடிவு செய்தவர்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். அடுக்குமாடி வீட்டின் சிறிய கூடத்தில் எழும் புகையைக் குழந்தைகளும் வயதானவர்களும்தான் சுவாசிக்க வேண்டியிருக்கும். பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும்போது மறக்காமல் ஒரு கிலோ லட்டும் வாங்கி வாருங்கள்; அந்தக் கொண்டாட்டத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு.